கோத்தகிரியில் கடைசி நாள்: சலிவன் பங்களாவும் பழங்கற்களும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரிக்கு வருபவர்கள் முதல் இரண்டு நாட்களை ஊட்டிக்கும் குன்னூருக்கும் கொடுத்துவிட்டு, ஊர் திரும்பும் நாளில்தான் கோத்தகிரியைப் பற்றி விசாரிக்கிறார்கள். இங்கே வசிப்பவர்களிடம் அவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே எழுதி, தெரிந்த பதில்களை ஓரிடத்தில் தொகுத்திருக்கிறோம். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னாலும் வருகின்றன.

ஊட்டியிலிருந்து கிளம்புற நாள்ல, போற வழியிலேயே பார்க்கிற மாதிரி பழைய இடம் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கக் குன்னூர் வழி, கோத்தகிரி வழி என இரண்டு சாலைகள் உண்டு. ஊட்டியிலிருந்து கோத்தகிரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். கோடை சீசனில் மேலே வரும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும், இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவது வழக்கம் என்பதால், அந்த மாதங்களில் நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கோத்தகிரியைக் கடந்துதான் போவீர்கள்.

கோத்தகிரி நகரிலிருந்து சுமார் 2 கிலோமீட்டர் தொலைவில் கன்னேரிமுக்கு என்ற படுகர் ஹட்டி, அதாவது படுகர் மக்களின் ஊர், இருக்கிறது. நீலகிரியில் ஐரோப்பியர் ஒருவர் கட்டிய முதல் வீடு அங்கேதான் நிற்கிறது. கோத்தகிரியைச் சுற்றியுள்ள சோலைகளிலும் மேடுகளிலும் அந்த வீட்டைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்த ஈமச்சின்னங்களும் நடுகற்களும் இருக்கின்றன. கடைசி நாளுக்கு ஒரு வீடும், கற்கள் உள்ள ஓர் இடமும் போதும் என்பது எங்கள் கருத்து. கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி, லாங்வுட் சோலை என எல்லாவற்றையும் அரை நாளில் திணிப்பவர்கள் எதையும் பார்த்ததாகச் சொல்வதில்லை. வண்டியில் உட்கார்ந்திருந்ததைத்தான் சொல்கிறார்கள்.

சலிவன் யாரு? அவர் பேரை ஏன் இங்கே எல்லா இடத்திலும் வச்சிருக்காங்க?

ஜான் சலிவன் 1788இல் லண்டனில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியராக வந்து கோயம்புத்தூர் கலெக்டர் ஆனவர். அப்போது நீலகிரி மலை கோயம்புத்தூர் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. 1818இல் அவருடைய உதவியாளர்களான விஷ், கிண்டர்ஸ்லி என்ற இருவர் மலையேறிப் பார்த்துவிட்டு, சமவெளியின் வெயிலுக்குத் தொடர்பே இல்லாத குளிர்ந்த நாடு ஒன்று மேலே இருப்பதாக வந்து சொன்னார்கள். 1819 ஜனவரியில் சலிவனே ஏறி வந்தார். சிறுமுகையிலிருந்து கோத்தகிரிப் பக்கம் ஏறும் பாதை 1820இல் தொடங்கி 1823இல் முடிந்தது. அந்தப் பாதைதான் இந்த மலையை வெளியுலகத்தோடு இணைக்கத் திட்டமிட்டுப் போட்ட முதல் பாதை.

பிறகு ஊட்டிக்கு இடம்பெயர்ந்து வீடு கட்டியது, ஓடைகளைத் தடுத்து ஏரி அமைத்தது, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தது என்று அவர் பெயரோடு சேர்ந்தவை பல. தேயிலையையும் அவர் கணக்கில் எழுதுபவர்கள் உண்டு, அது சரியல்ல. தேயிலைக் கன்றுகள் 1830களில் கேத்தியில் இருந்த அரசுச் சோதனைப் பண்ணையில் நடப்பட்டவை. தோட்டப் பயிராக அது பரவியது அதற்கும் பின்னால்.

கன்னேரிமுக்கு பங்களாவும் ஊட்டி ஸ்டோன் ஹவுஸும் ஒண்ணுதானே?

இல்லை, இரண்டும் வேறு. இந்தக் குழப்பத்தால் ஊட்டியில் ஒரு கட்டடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டையும் பார்த்ததாக நினைத்துக்கொண்டு இறங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கன்னேரிமுக்கில் இருப்பது 1819ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பெத்தகல் பங்களா என்ற பழைய பெயரும் அதற்கு உண்டு. சலிவன் மலையில் கால் பதித்த ஆரம்ப காலத்துக்கு உரிய சிறிய வீடு அது. நெடுங்காலம் கவனிப்பாரின்றிச் சிதைந்து கிடந்த பிறகு, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாவட்ட நிர்வாகத்தின் முயற்சியால் சீரமைக்கப்பட்டு, சலிவன் நினைவகமாகவும் அருங்காட்சியகமாகவும் ஆக்கப்பட்டது. ஊட்டியில் இருப்பது 1822இல் தொடங்கி மறு ஆண்டு முடிந்த கல் பங்களா. அது இப்போது 1955இல் தொடங்கப்பட்ட அரசு கலைக் கல்லூரியின் வளாகத்துக்குள் இருக்கிறது. கல்லூரி நடக்கும் இடம் என்பதால் சுற்றுலாத்தலம் போல உள்ளே நுழைந்துவிட முடியாது. அலுவலகத்தில் கேட்டு, அனுமதித்தால் பார்க்கலாம்.

வீட்டுக்குள்ளே என்ன இருக்கு? எவ்வளவு நேரம் ஆகும்?

நீலகிரியின் வரலாற்றைச் சொல்லும் பழைய புகைப்படங்கள், வரைபடங்கள், தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படுகர் மக்களைப் பற்றிய காட்சிகள் ஆகியவை இருக்கின்றன. அரண்மனையை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாறுவார்கள். பெரிய நாற்காலிகளோ சரவிளக்குகளோ இங்கே கிடையாது. ஒரு மாவட்டத்தையே ஆண்ட கலெக்டர், சாலையில்லாத மலையில், கையில் கிடைத்த பொருளைக் கொண்டு எவ்வளவு அடக்கமாக ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டார் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

படங்களுக்கு அடியில் உள்ள விளக்கங்களைப் படிப்பவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். படிக்காதவருக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. பழைய ஊட்டியின் படங்களை மட்டும் அவசரப்படாமல் பாருங்கள். இன்று யூகலிப்டசும் சீகையும் நிற்கும் குன்றுகளில் அன்று மரமே இல்லை. புல்வெளி மட்டும் விரிந்து கிடக்கிறது, மடிப்புகளில் சோலைகள் ஒதுங்கி நிற்கின்றன. முந்தைய இரண்டு நாட்களாக நீங்கள் பார்த்த ‘இயற்கைக் காட்சி’யில் எவ்வளவு பங்கு கடந்த இருநூறு ஆண்டுகளில் நடப்பட்டது என்பது அந்தப் படங்களில் தெரியும்.

திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் மாறுவதுண்டு. தங்கியிருக்கும் விடுதியிலோ கோத்தகிரியிலோ முதல் நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

பசங்களுக்கு போரடிக்காதா?

வீடு போரடிக்கலாம், கற்கள் போரடிப்பதில்லை. யார் வைத்தார்கள், எப்படித் தூக்கினார்கள், உள்ளே யார் இருந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைத்தான் ஆய்வாளர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பழங்கற்கள்னு சொல்றீங்களே, அது என்ன மாதிரிக் கல்? சிலையா, கல்வெட்டா?

ஒரே வகை அல்ல. மூன்று பக்கம் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு பெரிய கல்லை மூடியாக வைத்து, சீட்டுக்கட்டு வீடு போல அமைத்திருந்தால் அது கற்திட்டை. மண்ணுக்குள் கற்பலகைகளால் பெட்டி போலச் செய்திருந்தால் கற்பதுக்கை. உருண்டைக் கற்களை வட்டமாக அடுக்கியது கல்வட்டம். கற்களைக் குவித்து மூடியது கற்குவை. நீலகிரியில் இவற்றோடு இன்னொரு வகையும் உண்டு. மலை உச்சிகளில், கிணற்றின் கைப்பிடிச் சுவர் போல வட்டமாகக் கல் அடுக்கி, நடுவே ஈமப்பொருட்களைப் புதைத்த அமைப்பு அது. இவை அனைத்தும் இறந்தவர்களுக்காக எழுப்பப்பட்டவை.

நடுகல் பிற்காலத்தது. போரிலோ, ஆநிரை காத்தோ, விலங்கோடு போராடியோ இறந்த வீரனுக்காக உருவம் செதுக்கி நிறுத்திய கல். கோத்தகிரிப் பக்கம் பல இடங்களில் கற்திட்டையின் சுவர்க் கல்லே நடுகல்லாகச் செதுக்கப்பட்டிருக்கும். மேலே சூரியனும் பிறையும், கீழே வரிசையாக ஆண் பெண் உருவங்கள், வில்லோ வாளோ ஏந்திய வீரன் என்று புடைப்புச் சிற்பம் அமைந்திருக்கும். பெரும்பாலானவற்றில் எழுத்து கிடையாது. புடைப்பு மிக மேலோட்டமானது என்பதால் உச்சி வெயிலில் வெறும் சொரசொரப்பான பாறையாகத் தெரியும்; காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, முதலில் ஒரு முழங்கை, அடுத்து ஒரு கொண்டை, பிறகு வில்லின் வளைவு என்று உருவம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். மூடுபனி நாளில் கைபேசி விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாலும் ஓரளவு தெரியும்.

அதெல்லாம் எங்கே இருக்கு? கூகுள் மேப் போட்டுப் போயிடலாமா?

போகலாம், ஆனால் போய்ச் சேர மாட்டீர்கள். கோத்தகிரி அருகே உள்ள பானகுடி சோலை இதற்குப் பெயர்பெற்றது. கற்திட்டைகளும் செதுக்கிய கற்களும் மரங்களுக்கு நடுவே இருக்கும் கோயில் காடு அது. மேலூர், சோலூர், உலிக்கல் ஆகிய பகுதிகளின் செதுக்கிய கற்திட்டைகளும் 19ஆம் நூற்றாண்டு முதல் பதிவில் இருக்கின்றன. இவை தவிர, தேயிலைத் தோட்டத்துக்குள்ளும் ஹட்டியின் மந்தை (ஊர்ப் பொதுவெளி) ஓரத்திலும் தனித்தனியாக நிற்பவை பல.

இந்த இடங்களில் சில காப்புக்காட்டுக்குள் வருகின்றன, சில தனியார் தோட்டத்தில், சில ஊர்ப் பொதுநிலத்தில். எனவே முதலில் கன்னேரிமுக்கு அருங்காட்சியகத்தில் கேளுங்கள். அன்றைய நிலையில் எங்கே போகலாம் என்று சொல்வார்கள். ஹட்டிக்கு அருகில் என்றால் ஊர்த்தலைவரான ஊர்க்கவுடரிடமோ பெரியவர்களிடமோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவ்வூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் போகவே கூடாது. கோத்தகிரிப் பக்கம் காட்டுமாடு, கரடி, சிறுத்தை மூன்றும் தேயிலைக்குள்ளேயே நடமாடுபவை. காட்டுமாடு சாலையோரம் சாதுவாக நிற்பதைப் பார்த்துவிட்டுப் படமெடுக்க நெருங்குகிறவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள்.

எவ்வளவு பழசு? ஐயாயிரம் வருஷம்னு யூடியூப்ல சொன்னாங்களே?

நீலகிரி ஈமச்சின்னங்களுக்கு ஐயாயிரம் ஆண்டுகள் என்று சொல்லச் சான்று இல்லை. தோண்டி எடுக்கப்பட்ட வெண்கலக் கிண்ணங்கள், பொன் அணிகள், இரும்புக் கருவிகள், பானைகள் ஆகியவற்றை வைத்துப் பார்க்கும்போது, மலை உச்சிப் புதைகுழிகளில் பெரும்பாலானவை கி.பி. முதல் ஆயிரம் ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன. செதுக்கிய நடுகற்கள் அதற்கும் பிந்தியவை, இடைக்காலத்தவை. சமவெளியில் பெருங்கற்காலப் பண்பாடு மங்கிய பின்னும் இந்த மலையில் கல் அடுக்கும் வழக்கம் தொடர்ந்தது என்பதுதான் நீலகிரியின் தனித்தன்மை. ஆண்டு எண்ணிக்கையைப் பெருக்கிச் சொல்வதைவிட இது வியப்பானது.

பழமைதான் வேண்டும் என்றால், அந்தக் கல்லின் பொருளையே பாருங்கள். நீலகிரி மலையின் பாறை சார்னோகைட் என்ற வகையைச் சேர்ந்தது. அதன் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். ஊட்டி தாவரவியல் பூங்காவில் உள்ள கல்லான மரத்துக்கு 2 கோடி ஆண்டுகள் என்று சொல்லப்படுகிறது. அதோடு ஒப்பிட்டாலும் உங்கள் காலடிப் பாறை நூறு மடங்குக்கு மேல் மூத்தது.

யார் கட்டினாங்க? தோடர்களா? பாண்டவர்கள்னு ஒருத்தர் சொன்னாரே?

பாண்டவர் வீடு, குள்ளர் குகை என்று கற்திட்டைகளைச் சொல்வது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கு. ஓராள் நிமிர்ந்து நிற்க முடியாத கல் அறையைப் பார்த்தவர்கள் அதைக் குள்ளர்களுக்கு உரியதாகவும், நாலு பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாத மூடுகல்லைப் பார்த்தவர்கள் பீமன் வேலையாகவும் கருதியிருக்கிறார்கள்.

தோடர்கள்தான் கட்டினார்களா என்பது 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்துவரும் விவாதம். இன்னும் முடிவு எட்டப்படவில்லை. நீலகிரியின் முதல் கமிஷனராக இருந்த ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ், குழிகளைத் தோண்டிப் பார்த்துவிட்டு, தோடர்களின் முன்னோர்தாம் என்ற பக்கம் சாய்ந்தார். குழிகளில் எருமை உருவங்கள் கிடைத்ததும், தோடர்களின் வாழ்வும் சாவுச் சடங்கும் எருமையைச் சுற்றியே அமைந்திருப்பதும், ஈமச்சாம்பலைக் கல்வட்டத்துக்குள் இடும் வழக்கம் அவர்களிடம் இருந்ததும் அந்தப் பக்கத்து வாதங்கள். ஆனால் அந்தக் குழிகள் தங்களுடையவை என்று அக்காலத் தோடர்கள் உரிமை கொண்டாடவில்லை. அவற்றைத் தோண்டியபோது அவர்கள் தடுக்கவும் இல்லை. அவற்றில் கிடைத்த குதிரை வீரர் உருவங்களுக்கும் போர்க் கருவிகளுக்கும் போர்த்தொழில் அறியாத தோடர்களிடம் விளக்கம் இல்லை. ‘இவர்கள்தான்’ என்று உறுதியாகச் சொல்லும் வழிகாட்டியை நீங்கள் சந்தித்தால், எதை வைத்துச் சொல்கிறார் என்று பணிவாகக் கேளுங்கள்.

தோண்டினப்போ கிடைச்சதெல்லாம் இப்போ எங்கே இருக்கு? கன்னேரிமுக்குல பார்க்கலாமா?

முக்கியமானவை இங்கே இல்லை. 1840களில் காங்கிரீவ் என்ற ராணுவ அதிகாரியும், 1870களின் தொடக்கத்தில் மேலே சொன்ன பிரீக்ஸும் இந்தக் குழிகளைத் தோண்டினார்கள். பிரீக்ஸ் 1872இல் இறந்துவிட, பழங்குடிகளையும் நினைவுச்சின்னங்களையும் பற்றி அவர் எழுதி வைத்திருந்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. ஊட்டியில் உள்ள பிரீக்ஸ் பள்ளி அவர் நினைவாக எழுந்ததே. கிடைத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கும் போய்ச் சேர்ந்தன.

அவற்றில் பானை மூடிகள் தனிச் சிறப்புடையவை. உயரமான, அடுக்கடுக்கான வளையங்கள் கொண்ட பானையின் மூடியில், கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுடுமண் உருவம் நிற்கும். அகன்று வளைந்த கொம்பும் கழுத்தில் மணியும் கொண்ட எருமை ஒன்றில். குதிரையேறிய வீரன் இன்னொன்றில். பெண் உருவம் மற்றொன்றில். சக்கரத்தில் நேர்த்தியாக வனைந்தவை அல்ல இந்த உருவங்கள். களிமண்ணை விரலால் கிள்ளி, உருட்டி, ஒட்டி, குச்சியால் புள்ளி குத்திச் செய்தவை. அதே குழியில் தாமரைக் குமிழ் வைத்த, கண்ணாடி போல மெல்லிய வெண்கலக் கிண்ணமும் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஒரே கைவினைஞரின் வேலையாக இருக்க முடியாது. கிண்ணம் எங்கிருந்தோ மலையேறி வந்திருக்க வேண்டும். சலிவன் பாதை போடுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த மலைக்குச் சமவெளியோடு கொடுக்கல் வாங்கல் இருந்தது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவும் தோண்டப்பட்டது பதிவுமுறைகள் முதிராத காலத்தில் என்பதால், எந்தப் பொருள் எந்தப் பொருளோடு எந்த ஆழத்தில் கிடந்தது என்ற விவரம் பலவற்றுக்கு இல்லை. இடம்விட்டுப் பெயர்ந்த பொருள் பாதி ஊமை. இன்று மலையில் அசையாமல் நிற்கும் கற்களை நாங்கள் இவ்வளவு வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

கல்லுக்குப் பூ வச்சிருக்காங்க, விளக்கு ஏத்தியிருக்காங்க. அப்போ அது கோயிலா? செருப்போட போகலாமா?

வழிபாடு நடக்கும் இடம் எதுவாயினும் செருப்பைக் கழற்றிவிட்டு, எல்லைக்கு வெளியே நின்று பாருங்கள். தொல்லியலாளருக்கு ஈமச்சின்னமாக இருப்பது ஊராருக்குத் தெய்வமாக இருக்கலாம்; அந்த இரண்டுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்வது விருந்தாளியின் வேலை அல்ல. படுகர் ஹட்டிகளில் மந்தையில் நட்ட கல்லுக்கும் மரியாதை உண்டு. களைப்பாக இருக்கிறது என்று அதன்மேல் உட்கார்ந்துவிடாதீர்கள். ஜனவரியில் ஹெத்தை அம்மன் திருவிழா நாட்களில் ஊரே வெள்ளை உடுத்திப் பேரகணிக்குப் போகும். அந்நாட்களில் கல்லைக் காட்ட ஆள் கிடைக்காது, கேட்பதும் முறையல்ல.

உடைஞ்ச பானை ஓடு, ஒரு சின்னக் கூழாங்கல்… ஞாபகத்துக்கு எடுத்துக்கிட்டா என்ன தப்பு?

சட்டப்படியும் தப்பு, நடைமுறைப்படியும் தப்பு. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சிதைப்பதைக் குற்றமாக்குகின்றன. மத்தியச் சட்டத்தின்படி 2010 திருத்தத்துக்குப் பிறகு இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். பாதுகாப்புப் பட்டியலில் இல்லாத கல் என்றால் காப்புக்காட்டு விதிகள் இருக்கின்றன.

கூழாங்கல் விஷயம் இன்னும் நுட்பமானது. ஆற்றில் உருண்டு வழவழப்பான சிறு கல்லை, இறந்தவர் நினைவாகக் கற்திட்டைக்குள் வைக்கும் வழக்கம் குறும்பர், இருளர் மக்களிடையே 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவாகியிருக்கிறது. எனவே மலை உச்சியில், ஆறே இல்லாத இடத்தில், கல் அறைக்குள் ஒரு வழவழப்பான கூழாங்கல் கிடந்தால், அது தானாக வந்ததில்லை. ஒரு குடும்பத்தார் தம் வீட்டுப் பெரியவருக்காகக் கொண்டுவந்து வைத்ததாக இருக்கலாம்.

படம் எடுக்கலாமா? சுண்ணாம்போ மாவோ பூசினா சிற்பம் தெளிவா தெரியுமாமே?

படம் எடுக்கலாம், ஊரார் வேண்டாம் என்று சொல்லாத வரை. மாவு, சுண்ணாம்பு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் பூசாதீர்கள். அது துளைகளுக்குள் இறங்கி, பாசியை வளர்த்து, ஏற்கெனவே மேலோட்டமான செதுக்கலை இன்னும் அரிக்கும். முன்பே சொன்ன சாய்வு வெளிச்சம் போதும். பாசியைச் சுரண்டுவதும் கூடாது. டிரோன் வேண்டாம்.

சலிவன் நல்லவரா, கெட்டவரா? தோடர்கிட்ட ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கினார்னு சொல்றாங்களே?

ஊட்டியில் வீடு கட்டிய நிலத்தைத் தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் அவர் வாங்கினார் என்பது பதிவில் உள்ளதுதான். மேய்ச்சலுக்கு நிலத்தைப் பயன்படுத்திய, நிலத்தை விற்பது என்பதையே அதுவரை அறியாத மக்களிடம் ஒரு கலெக்டர் நிலம் வாங்கும்போது, அந்த விலையை இருவர் சமமாக உட்கார்ந்து பேசிய விலை என்று ஏற்க எங்களால் முடியவில்லை.

அதே சலிவன், மலைநிலம் தோடர்களுக்கு உரியது, அதைக் கம்பெனி இனாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று மேலிடத்தோடு விடாமல் வாதாடியவரும்கூட. லஷிங்டன் சென்னை மாகாண கவர்னராக இருந்த காலத்தில் அவருக்கும் அரசுக்கும் இருந்த பூசலில் இதுவும் ஒன்று. அவர் வாதம் தோற்றது. புல்வெளிகள் பின்னாளில் தோட்டங்களாகவும் யூகலிப்டஸ் காடுகளாகவும் மாறின. 1838இல் அவர் மனைவி ஹென்றியட்டாவும் மகளும் இறந்தார்கள். இருவரும் ஊட்டி புனித ஸ்டீபன் தேவாலயக் கல்லறையில் இருக்கிறார்கள். 1841இல் வேலையிலிருந்து விடுபட்டு இங்கிலாந்து திரும்பிய சலிவன் 1855இல் இறந்தார். சிலை வைத்துக் கும்பிடுபவர்களும் திட்டுபவர்களும் ஆளுக்கு ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். அருங்காட்சியகத்தில் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டு நடப்பது நல்லது.

எங்களுக்குக் கோத்தகிரி வர நேரமில்லை. ஊட்டியிலேயே இப்படி அரை நாள் பார்க்க முடியுமா?

முடியும். கல் பங்களா பற்றி மேலே சொல்லியிருக்கிறோம். அங்கிருந்து புனித ஸ்டீபன் தேவாலயம் பக்கத்தில்தான். 1829இல் அடிக்கல் நாட்டி 1831 ஈஸ்டரில் திறந்தார்கள். அதன் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் லால்பாக் அரண்மனையிலிருந்து கொண்டுவந்த மரங்கள். தலையை நிமிர்த்தி அவற்றைப் பார்க்காமல் வெளியே வந்துவிடாதீர்கள். கல்லறைப் பகுதி சரிவில் இருக்கிறது, மழையில் வழுக்கும்.

கொடைக்கானல்ல இருக்கோம், அங்கே இது மாதிரி உண்டா?

உண்டு. பழனி மலையில் தாண்டிக்குடி, பெருமாள்மலை, பேத்துப்பாறைப் பகுதிகளில் கற்திட்டைகள் இருக்கின்றன. ஆங்கிலேட், நியூட்டன் என்ற இரு பாதிரியார்கள் அவற்றை ஆராய்ந்து எழுதியதை இந்தியத் தொல்லியல் துறை 1928இல் வெளியிட்டது. 1895இல் தொடங்கப்பட்ட செண்பகனூர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுக் கற்களைத் தேடிப் போவது நல்ல வரிசை. கல்லை அணுகும் முறை நாங்கள் மேலே சொன்னதேதான்.

எந்த மாசம் வந்தா நல்லது? மழையில மாட்டிக்குவோமா?

தொட்டபெட்டா மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றை மறித்து நிற்பதால், ஜூன், ஜூலையில் கூடலூரும் ஊட்டியும் நனையும்போது கோத்தகிரியில் சாரலோடு நின்றுவிடும். அந்த மாதங்களில் ஊட்டி மழைக்கு அலுத்தவர்களுக்குக் கடைசி நாளை இங்கே கழிப்பது உண்மையிலேயே லாபம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை கோத்தகிரிச் சரிவில்தான் கொட்டும், மண்சரிவால் சாலை அடைபடுவதும் உண்டு. ஜனவரி, பிப்ரவரி காலைகள் தெளிவானவை. செதுக்கிய கல்லைப் பார்க்க அந்த வெளிச்சத்தை மிஞ்ச எதுவும் இல்லை.

சொந்த வண்டியில் வருபவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கு மாவட்டம் முழுக்கத் தடை. வீட்டிலிருந்தே எவர்சில்வர் புட்டி கொண்டுவந்துவிடுங்கள்.

ராத்திரி மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்கணும். எத்தனை மணிக்கு எங்கே இருக்கணும்?

காலை சிற்றுண்டி முடித்துச் சுமார் 8 மணிக்கு ஊட்டியை விட்டால், கற்களைச் சாய்வு வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிடலாம். எனவே எங்கே போகலாம் என்று அருங்காட்சியகத்தில் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டு, கற்கள் முதலில், வீடு அடுத்து, மதியச் சாப்பாடு கோத்தகிரியில். மாலை 4 மணிக்கு இறங்கத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையம். சீசன் நாட்களில் இதோடு இன்னொரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி வரும் பழக்கமுள்ளவர்கள் மதியம் பிரியாணியைத் தவிர்ப்பது உடன் வருபவர்களுக்குச் செய்யும் உதவி.

நாங்க போன அன்னைக்குப் பங்களா பூட்டியிருந்துச்சு, கல் பார்க்கவும் ஆள் கிடைக்கலை. எல்லாம் வீண்தானா?

வீட்டை வெளியிலிருந்து சுற்றிப் பார்க்கலாம். அது ஊருக்கு நடுவே எப்படி உட்கார்ந்திருக்கிறது, எந்தச் சரிவைப் பார்த்து நிற்கிறது என்பதெல்லாம் பூட்டுக்கு வெளியே உள்ள விஷயங்கள். ஆள் இல்லாமல் கற்களைத் தேடிச் சோலைக்குள் போக வேண்டாம்.

சென்னைக்காரர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. நீலகிரி எக்ஸ்பிரஸ் காலையில் சென்னை சென்ட்ரலில் இறக்கிவிடும்; எழும்பூர் அரசு அருங்காட்சியகம் அங்கிருந்து தொலைவில்லை. பிரீக்ஸ் தோண்டிய நீலகிரிப் பானைகளும் மூடி உருவங்களும் அங்கே இருப்பவைதான். வீட்டுக்குப் போய் மூட்டையை இறக்கிவிட்டு அந்த வாரத்திலேயே ஒரு நாள் போய்வாருங்கள்; வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை.